சொல்லிவிட்டுப் போய் அளந்த குழி

போன மாதம் பண்ணையில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். சால்வை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்து, "குருசாமி அண்ணே, நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். எதிரே அறுபது எழுபது பேர். பக்கத்து மேசையில் வடையும் கேசரியும் இருந்தன. "எல்லாருக்கும் வணக்கம். வடை ஆறுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டது நாலு வார்த்தை, பேசியதும் சரியாக நாலு வார்த்தை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அன்றைக்குக் கார்த்திக் என்னை விடவில்லை. என் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பையன் அவன். சூட்கேஸ் அளவில் ஒரு கருவி வந்திருக்கிறது. அதை எருக்குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் எவ்வளவு மீத்தேன் வருகிறது என்று நொடிக்கு நொடி செல்போனில் எண் விழுகிறது. "இது வாரதுக்கு முன்னாடி நீங்க எப்படித்தான் அளவு எடுத்திய? பேசாட்டா எழுதியாவது குடுங்கண்ணே" என்றான். எனக்குப் பேச்சு வராதே தவிர, கையெழுத்து நன்றாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் கார்த்திக் திருத்திக்கொள்ளட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் தாண்டிப் போகிற சாலையில்தான் எங்கள் பண்ணை. மாட்டுக்கொட்டகை கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். கழுவினேன், தீவனம் வெட்டினேன், பால் கறந்தேன், கன்றுக்குக் காதில் நம்பர் அடித்தேன். இருபது வருடம் இப்படிப் போயிற்று. மாடுகளோடு எனக்குக் கூச்சம் கிடையாது. அவை பதில் கேட்பதில்லை.

பிறகு டாக்டர் பிரிசில்லா வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாங்கள் டாக்டரம்மா என்போம். அவருடைய வேலை சேர்த்து வைத்த சாணத்திலிருந்து வருகிற மீத்தேனைக் கணக்கிடுவது. வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"குருசாமி, ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு சாணி போடும்?"

"ஒரு கூடை போடும்மா."

"கூடைன்னா எவ்வளவு?"

"அது மாட்டைப் பொறுத்தும்மா."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் தராசோடு வந்து நின்றார். ஒரு வாரம் பத்து மாடுகளுக்குப் பின்னால் நானும் அவரும் ஆளுக்கொரு வாளியோடு அலைந்தோம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, விழுந்த சாணத்தைத் தானே அள்ளி நிறுத்தார். அதற்கு முன்பு அப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது தப்பாகப் போனால் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, மறுபடியும்" என்பார். அந்தக் கண்ணாடி தேயத் தேய நான் வேலை கற்றுக்கொண்டேன்.

அவர் எனக்கு விளக்கியதை என் அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன். சாணத்தைக் காயவைத்து, பீங்கான் கிண்ணத்தில் வைத்து உலையில் எரித்தால் சாம்பல் மிஞ்சும். எரிந்து போன பங்குதான் வாயு உண்டாக்குகிற கிருமிகளுக்குச் சாப்பாடு. சாணத்தைக் காற்றுப்படக் காயப்போட்டால் மீத்தேன் வருவது குறைவு. காற்றுப் படாமல் ஈரக்குழிக்குள் அமுக்கி வைத்தால் இட்லி மாவு பொங்குகிற மாதிரி பொங்கும். பொங்குவது மீத்தேன். வானத்துக்குப் போய் வெக்கையைப் பிடித்து வைத்துக்கொள்கிற வாயு அது. ஊரில் உள்ள எல்லாக் குழியையும் அளக்க முடியாது. ஆகவே மாடு எத்தனை, சாணம் எவ்வளவு, அதில் சாப்பாட்டுப் பங்கு எவ்வளவு என்று பெருக்கிக்கொண்டு போய், கடைசியில் இந்த ஊர்க் குழியில் அதில் எத்தனை பங்கு வாயுவாகும் என்று ஓர் எண்ணைப் போட வேண்டும். அந்தக் கடைசி எண் இதுவரை குளிர்தேசத்தில் அளந்து எழுதிய புத்தகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. "நம்ம வெயிலுக்கு, நம்ம குழிக்கு, நாமளே அளந்து ஒரு எண் போடணும் குருசாமி" என்றார் டாக்டரம்மா.

அளப்பதற்கு ஒரு டப்பா வேண்டும். அதைச் செய்ய ராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்கு என்னை அனுப்பினார். பட்டறைக்காரரை ராஜு அண்ணன் என்று கூப்பிடுவோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நீல டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டே கேட்டார்.

"இது எதுக்குப்பா?"

"சாணிக்குழியில கவுத்தி வைக்கண்ணே. வாயுவப் பிடிக்க."

"பிடிச்சு? அடுப்பு எரிக்கவா?"

"இல்லண்ணே. எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டு விட்டுருவோம்."

அறுப்பதை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்து மனைவியிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். உள்ளேயிருந்து வந்த சிரிப்புக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனால் அவர் செய்து கொடுத்த டப்பா பதினொரு வருடம் உழைத்தது. அடியில் தண்ணீர் நிற்கிற வாய்க்கால் போல ஒரு இரும்பு வளையம். அதில் டப்பாவின் விளிம்பு உட்கார்ந்தால் காற்று வெளியே போகாது. மேலே ஊசி குத்த ஒரு ரப்பர் மூடி, உள்ளே பேட்டரியில் ஓடுகிற சின்ன விசிறி. சைக்கிள் பஞ்சர் பார்க்கிற மாதிரி சோப்புநுரை தடவி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக் கொடுத்தார். "கசிஞ்சா என் பேரைச் சொல்லாதே" என்றார்.

அளக்கிற முறை இதுதான். குழியின் குறுக்கே பலகை போட்டு அதில்தான் உட்கார வேண்டும். ஓரத்தில் நடந்தால் குழி அமுங்கி, உள்ளே சிக்கிய குமிழி எல்லாம் ஒரேயடியாக வெளியேறிவிடும். வளையத்தைப் பதித்து, தண்ணீர் ஊற்றி, செத்த நேரம் பொறுக்க வேண்டும். டப்பாவைக் கவிழ்த்து, வெயில் சுடாமல் மேலே ஈரச்சாக்கைப் போட வேண்டும். கவிழ்த்த உடனே ஒரு ஊசி காற்று, பத்தாவது நிமிடம் ஒன்று, இருபதாவது நிமிடம் ஒன்று, முப்பதாவது நிமிடம் ஒன்று. ஒவ்வொன்றையும், உள்ளே இருந்த காற்றை முன்பே உறிஞ்சி எடுத்துவிட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் ஏற்ற வேண்டும். குப்பியில் பென்சிலால் வீட்டு எண்ணும் நிமிடமும் எழுத வேண்டும். பேனா என்றால் வேர்வையில் அழிந்துவிடும். சாணத்தின் சூடு, டப்பாவுக்குள் சூடு, இரண்டையும் குறிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிப் பண்ணையின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முப்பது நிமிடம் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குத் தண்டனையாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்த வேலை.

பண்ணைக் குழியில் ஆறு மாதம் பழகிய பிறகு கான்சாபுரத்தில் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிற வீடுகள். நான் வத்திராயிருப்பு பஸ்ஸில் போய் இறங்கி, அங்கே நிறுத்தி வைத்திருந்த சைக்கிளில் கான்சாபுரம் போவேன். டப்பா அங்கேயே ஒரு வீட்டில் இருக்கும். சில நாள் டாக்டரம்மாவும் வருவார். திரும்பும்போது குப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். ஒருநாள் கண்டக்டர், "அந்தப் பொட்டியில என்ன? பால்கோவாவா?" என்றார்.

"இல்லண்ணே. காத்து."

"காத்தா?"

"மாட்டுச்சாணிக் காத்துண்ணே."

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பினார்கள். "அப்போ லக்கேஜ் போட வேண்டாம். ஆனா தெறந்துராதீரும்" என்றார் கண்டக்டர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னைப் பார்த்தாலே, "காத்து ஏறியாச்சா? போலாம் ரைட்" என்பார். கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்த பஸ்ஸைத்தான் காத்திருந்து பிடிப்பேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம் போன். "பெண்கள் இருக்கிற வீடு. திடீர்னு போய் நிக்கக் கூடாது. முந்தின நாள் போன் பண்ணிச் சொல்லிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் வேப்பமரத்தடியில் நின்று வசனத்தை ஒத்திகை பார்ப்பேன். "வணக்கம், பண்ணையில இருந்து குருசாமி பேசுதேன், நாளைக்கு வாரோம்." எதிர்முனையில் பதில் வருவதற்குள் வைத்துவிடுவேன். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேச்சியம்மாள் அக்காவுக்குத்தான் அந்த போன். அவர் மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிடுவார்.

பேச்சியம்மாள் அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மகன் பட்டாளத்தில் இருந்தான். மூன்று மாடு, பதினைந்து தென்னை, ஊருக்கே கேட்கிற குரல். நான் பலகையில் உட்கார்ந்திருக்கும் முப்பது நிமிடமும் அவர்தான் பேசுவார்.

"ஏலே தம்பி, நீ ஊமையா, இல்ல அந்த டப்பாக்குள்ள வாயையும் வச்சு மூடிட்டியா?"

நான் சிரித்துக்கொண்டே அடுத்த ஊசியை எடுப்பேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு நாள், ஆராய்ச்சியைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வயதில் மூத்தவர், நறுக்கென்று பேசுகிறவர். திரையில் டாக்டரம்மா இரண்டு கோடுகளைக் காட்டினார். பண்ணைக் குழியின் கோடு மேலே போயிற்று. கான்சாபுரத்துக் கோடு கீழேயே படுத்துக் கிடந்தது.

"அதே மாடு, அதே வெயில், அதே மாதிரி குழி. எப்படி இவ்வளவு வித்தியாசம்? எங்கேயோ கசிகிறது" என்றார் பெரியவர். "மாதிரி எடுக்கிறது யார்?"

"குருசாமி."

"என்ன படித்திருக்கிறார்?"

நான் பின்வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தயங்காமல், "அஞ்சாவது சார். ஆனா இந்தப் பண்ணையில அவர் அளவுக்குச் சுத்தமா மாதிரி எடுக்க எனக்கே வராது" என்றார். பெரியவர் பக்கத்தைப் புரட்டினார். கடைசியில், ஆறு மாதம் தருகிறேன், காரணம் தெரியாவிட்டால் கிராமத்து அளவை எல்லாம் எடுத்துவிட்டுப் புத்தகத்து எண்ணையே போட்டு முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்து ஊசி, குப்பி, பஸ், வெயில் எல்லாம் குப்பைக்குப் போகும். அதுகூடப் பெரிதில்லை. அஞ்சாவது படித்தவன் எடுத்ததால் போயிற்று என்று பேராகிவிடும்.

சாயங்காலம் டாக்டரம்மா கொட்டகைப் பக்கம் வந்தார். "குருசாமி, ஊசி கசியுதா?"

"இல்லம்மா."

"டப்பா?"

"இல்லம்மா."

கண்ணாடியைத் துடைத்தார். "சரி. அப்போ வேற ஏதோ இருக்கு. தேடுவோம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. என் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் சோப்புநுரை போட்டு என்னைச் சோதித்திருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் சோதிக்கவில்லை என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நானே சோதித்தேன். ஊசிகளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன். ராஜபாளையம் போய், ராஜு அண்ணனிடம் டப்பாவைக் காட்டினேன். "என் டப்பாவா கசியுது?" என்று அவர் கோபத்தோடு பட்டறைத் தொட்டியில் அதை முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. குப்பிகளை வைத்துப் பார்த்தோம். ஆய்வுக்கூடத்தில் வாயுவை அளக்கும் கருவியைப் பார்த்தோம். எல்லாம் சரி. மூன்று மாதம் போய்விட்டது.

விடை கிடைத்தது ஒரு தூக்குவாளியால். மாங்காய்க் காலத்தில் பேச்சியம்மாள் அக்கா ஊறுகாய் கொடுத்துவிட்ட தூக்குவாளி என் வீட்டிலேயே தங்கிப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்படியே கான்சாபுரம் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று வேட்டி சட்டையோடு கிளம்பினேன். வேலைக்குப் போகவில்லையே என்று போன் பண்ணவில்லை. போன் பண்ணாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

வீட்டுக்குப் பின்னால் மாடு கத்தியது. சுற்றிக்கொண்டு போனேன். குழியைப் பார்த்து நின்றுவிட்டேன். அது நான் அளக்கிற குழியே இல்லை. விளிம்பு வரைக்கும் கறுப்பாக, தளதளவென்று ஈரம். கொட்டகை கழுவின தண்ணீரும் மாட்டுக் கோமியமும் ஒரு ஓடையாக வந்து அதில் இறங்கிக்கொண்டிருந்தன. மேலே குமிழி வந்து உடைந்தது. இன்னொன்று வந்து உடைந்தது. எண்ணுவதற்குள் நாலைந்து உடைந்தன.

"ஏலே! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கியே!" பேச்சியம்மாள் அக்கா கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் என் கையிலிருந்த தூக்குவாளியைக்கூடப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "செத்த நேரம் வாசல்ல நில்லு தம்பி. இந்தா ஆச்சு."

"அக்கா, எதுக்கு இந்தச் சாம்பல்?"

"எதுக்கா? குழிக்குத்தான். இப்படிக் கெடக்கையில நீ பாத்துட்டியே, எனக்கு மானம் போச்சு."

"எப்பவும் போடுவியளா?"

"நீ போன் போட்டேன்னா மொதல் வேலை இதான. மேல உள்ள சகதிய அம்புட்டையும் அள்ளித் தென்னை மூட்டுல போட்டுருவேன். பொறவு அடியில உள்ளதக் கெளறி விட்டு, சருகப் பரத்தி, மேல சாம்பலத் தூவி... அந்த டாக்டர் பிள்ள படிச்ச பிள்ள. நல்ல சேலை கட்டிட்டு வரும். நாத்தம் ஒட்டிருச்சுன்னா நம்மள என்ன நெனைக்கும்?"

மேலே கிடந்த சருகையும் சாம்பலையும் இந்த ஊர் வழக்கம் என்றே இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். "மத்த வீட்லக்கா?"

"எல்லா வீட்லயுந்தான். நாந்தான சொல்லி விடுதேன். எவளாச்சும் போடாம இருந்தா நான் விடுவனா?"

நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் என் சத்தம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கும். அக்கா சாம்பல் கூடையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து இரண்டு வருடம் முதுகொடிய வேலை பார்த்திருக்கிறார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, நாங்க அளக்க வாரதே இந்த நாத்தத்தத்தான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. விளக்கினேன். அளவு குறைந்ததையும், பெரியவர் வந்ததையும், நான் அஞ்சாவது என்பதையும், ஆறு மாதக் கெடுவையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி! ரெண்டு வருசமா நான் கல்யாணப் பொண்ணுக்குப் போடுத மாதிரி குப்பக்குழிக்குப் பவுடர் போட்டுவிட்டிருக்கேன். நீயும் வந்து அது மூஞ்சிய அளந்துட்டுப் போயிருக்க! ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

"நீங்க பேசும்போது நான் எங்கக்கா கேக்க?"

அவரும் சிரித்தார். ஆனால் சட்டென்று முகம் மாறியது. "என்னாலயாலே உனக்குக் கெட்ட பேரு?" என்றார். தூக்குவாளியை எடுத்து நீட்டி, "ஊறுகா நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதை வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கதையில் சாம்பல் கூடை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். அந்த முறை அது கண்ணீருக்காக. "தப்பு என்னோடது குருசாமி. போன் பண்ணச் சொன்னது நான்தானே" என்றார். நோட்டிலும் அப்படியே எழுதினார். சொல்லிவிட்டுப் போனதால் குழி மாற்றப்பட்டது என்று, ஒளிக்காமல்.

பழைய அளவுகளைக் கிழித்துப் போட வேண்டியதுதானே என்றேன். "ஏன்? அது பொய் அளவு இல்லையே. பவுடர் போட்ட குழியோட அளவு. பத்திரமா வைங்க" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

மீதி மூன்று மாதமும் சொல்லாமல் போனேன். வீட்டுக்காரர்களிடம் பொதுவாகச் சம்மதம் வாங்கியாயிற்று. என்றைக்கு என்று மட்டும் சொல்வதில்லை. போன் பண்ணத் தேவையில்லாததால் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மூன்று மாதம் அதுதான். ஆனால் பெண்கள் பட்ட பாடு! நான் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தால் ஒருத்தி கை தன்னால் சாம்பல் கூடைக்குப் போகும். பேச்சியம்மாள் அக்கா அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே எட்டி, "ஏட்டி, கையை எடு! தம்பிக்கு நாத்தம் வேணுமாம்!" என்று கத்துவார். குப்பிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. படுத்துக் கிடந்த கோடு எழுந்து, பண்ணைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கெடு முடிந்து பெரியவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. "நானே போய் எடுத்துப் பார்க்கிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். ஏழாம் எண். பேச்சியம்மாள் அக்கா வீடு.

ஜீப் போய் நின்றது. அக்கா வெளியே வந்து பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கை மறுபடியும் சாம்பலுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டிக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

"ஐயா, மூக்கப் பொத்திக்கோங்க. நாங்க இப்படிக் கெடக்க விடுத ஆளுக இல்ல. இவன் சொன்னான்னுதான் விட்டுருக்கேன்."

"இருக்கட்டும்மா. எனக்குப் பழக்கம்தான்" என்றார் பெரியவர். பலகையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நான். தான் கொண்டுவந்த ஊசியில் அவர் எடுத்தார், என் ஊசியில் நான் எடுத்தேன். நாலு முறை. முப்பது நிமிடம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபதாவது நிமிடம் அவர் கடிகாரத்தைப் பார்க்காமல், நான் ஊசியை எடுப்பதைப் பார்த்துத் தானும் எடுத்தார். அதை நான் கவனித்தேன்.

"ரெண்டு ஊமையா வந்து உக்காந்திருக்கு" என்று அக்கா கொட்டகைக்குள்ளிருந்து மாட்டிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. பெரியவரின் உதடு லேசாக அசைந்தது.

சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் கருவி இரண்டு எண்களைத் துப்பியது. டாக்டரம்மா சத்தமாக வாசித்தார். முதல் இரண்டு இலக்கமும் ஒன்று. மூன்றாவதில்தான் வித்தியாசம். பெரியவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இதில் எது என்னுடையது?" என்றார். டாக்டரம்மா காட்டினார். "அப்படியானால் சரியாக இருப்பது இன்னொன்றாகத்தான் இருக்கும். நான் பத்தாவது நிமிடம் ஊசியைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "குருசாமி, உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டார். எனக்கு எழுதத் தெரியாது என்றேன். தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். அறிக்கையில், மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் வந்திருக்கிறது. கையெழுத்து நன்றாக இருந்தது என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றாகத் திரையில் போட்டார். "ஒரே வீடுகள், ஒரே மாடுகள். இது தானாகக் கிடக்கிற குழி. இது பேச்சியம்மாள் அக்கா விருந்தாளிக்காகச் செய்த குழி. ஈரத்தை அள்ளி, கிளறிக் காற்று விட்டு, காய்ந்த சருகு போட்டால் மீத்தேன் எவ்வளவு குறைகிறதென்று ரெண்டு வருசம் பன்னிரண்டு வீட்டில் நமக்குத் தெரியாமலே அளந்து வைத்திருக்கிறோம்" என்றார். பெரியவர் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

இதை அக்காவிடம் சொல்ல நானே போனேன். "அப்போ நான் செஞ்சது சரிதானாலே?" என்று மூன்று முறை கேட்டார். சரிதான் என்று மூன்று முறையும் சொன்னேன்.

கார்த்திக், கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீ முந்தின நாள் போன் பண்ணிவிட்டு அதைக் கொண்டுபோய் வைத்தால் அது பவுடர் போட்ட குழியை நொடிக்கு நொடி அளக்கும். மைக்கில் நான் சொல்ல நினைத்திருந்தது இதுதான். வடை குறுக்கே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு போன் பண்ணி, சாப்பிட வரச் சொன்னார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை. நானும் என் மனைவியும் போனோம். சாப்பாட்டுக்கு முன்பு, பழக்கதோஷம், கால் தானாகப் பின்பக்கம் போயிற்று. குழி காய்ந்த சருகு மூடி, சாம்பல் தூவி, சுத்தமாக இருந்தது. விளிம்பில், டப்பா வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் புள்ளிக்கோலம்.

"எனக்காக எதுக்குக்கா இம்புட்டு வேலை?" என்றேன்.

"உனக்காகவா? போலே. சருகும் சாம்பலும் இப்போ தினமும் போடுததுதான்" என்றார் அக்கா. "கோலம் மட்டுந்தான் உனக்கு."